ஏ.இ. நம்பர் யாரிடம் இருக்கிறது?

கேள்வி: மடிப்பாக்கம் பக்கம் பன்னிரண்டு தெருக்கள் சேர்ந்த குடியிருப்போர் நலச் சங்கத்துக்குப் பதினோரு வருடமாக நான்தான் செயலாளர். ரோடு, சாக்கடை, தெருவிளக்கு, கொசு மருந்து என்று எதற்கும் என் போன்தான் அடிக்கும். 340 வீடுகள், வாட்ஸப் குழுவில் 400 பேருக்கு மேல். போன பொதுக்குழுவுக்கு வந்தவர்கள் பதினேழு பேர், டீ குடித்ததும் ஒன்பது பேர் கிளம்பிவிட்டார்கள். இளைஞர்கள் எட்டிப் பார்ப்பதே இல்லை. பிப்ரவரியில் எனக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் "சார், மூணாவது தெருவுல லைட் எரியல" என்று மெசேஜ். நான் விலகினால் சங்கம் படுத்துவிடும் என்று பயமாக இருக்கிறது. அடுத்த தலைவரை எப்படி உருவாக்குவது?
— செயலாளர், வயது 63

சார், முதலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வார்டு ஏ.இ.யின், அதாவது மாநகராட்சி உதவிப் பொறியாளரின், போன் நம்பர் சங்கத்தில் உங்களைத் தவிர வேறு யாரிடமாவது இருக்கிறதா?

இருக்காது என்றுதான் நினைக்கிறேன். இருபத்தைந்து வருடமாகச் சென்னையின் பல பேட்டைகளில் இதே வேலையாகச் சுற்றுகிறேன், திருவொற்றியூரில் ஆரம்பித்து சோழிங்கநல்லூர் வரைக்கும் உங்களைப் போன்ற செயலாளர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் நல்லவர்கள், சொந்தக் காசில் ஜெராக்ஸ் எடுப்பவர்கள், மழை என்றால் ராத்திரி குடையோடு மேன்ஹோலுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள். மற்றவர்களுக்கும் வேலை கொடுக்கத்தான் செய்வார்கள்: நோட்டீஸ் ஒட்டு, நாற்காலி போடு, சந்தா வசூல் பண்ணு. ஆனால் அதிகாரியிடம் பேசுவது, கவுன்சிலரைப் பார்ப்பது, செக்கில் கையெழுத்துப் போடுவது, இது மூன்றும் தன்னிடமே இருக்கும். நாற்காலி போடுவதற்கு இன்ஜினியரிங் முடித்த பையன் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வருவான் சொல்லுங்கள்? ஒன்று வருவான், அம்மா திட்டினால் இரண்டு.

இதில் முழுத் தவறும் உங்களுடையது இல்லை. மடிப்பாக்கம் 2011 வரை ஊராட்சி. பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், கிராம சபையில் போய் உட்கார்ந்து கணக்குக் கேட்டவர்கள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். அந்த வருடம் சென்னையைச் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளை மாநகராட்சியோடு சேர்த்தார்கள், வார்டு 155இலிருந்து 200 ஆனது, கிராம சபை போயிற்று, அதற்குப் பதிலாக எதுவும் வரவில்லை. 2016 அக்டோபரில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் இந்த ஊருக்குக் கவுன்சிலரே கிடையாது. தனி அதிகாரி ஆட்சி. அந்தக் காலத்தில் மக்கள் கற்றுக்கொண்டது என்ன? ட்விட்டரில் கமிஷனரை டேக் பண்ணு, இல்லாவிட்டால் செயலாளர் சாருக்குப் போன் போடு. உங்கள் பதினோரு வருடத்தில் கிட்டத்தட்டப் பாதி இந்த வெற்றிடத்தில்தான் ஓடியிருக்கிறது, நீங்கள் கிட்டத்தட்டச் சம்பளமில்லாத கவுன்சிலராகவே ஆகிப்போனீர்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உபதேசம் மாதிரி இருக்கும். 2003, 2004 தண்ணீர்ப் பஞ்சம் உங்களுக்கு நினைவிருக்கும், வீராணம் தண்ணீர் வருவதற்கு முன்னால். வியாசர்பாடியில் நான் ஒரு பெண்கள் குழு நடத்திக்கொண்டிருந்தேன். தலைவி, செயலாளர், பொருளாளர், தீர்மானப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், எல்லாம் இருந்தது. பிரசவத்துக்காக ஐந்து மாதம் போகவில்லை. திரும்பி வந்து பார்த்தால் தீர்மானப் புத்தகத்தில் கடைசிக் கையெழுத்து என்னுடையதுதான், அதற்கு அப்புறம் ஒரு வரிகூட இல்லை. அழுகையே வந்துவிட்டது.

ஆனால் அதே தெருவில் தண்ணீர் லாரிக்கான குட வரிசை மட்டும் ஒரு நாளும் குலையவில்லை. அதை நடத்தியது எங்கள் குழுவில் உறுப்பினராகக்கூட இல்லாத ஒரு இட்லிக்கார அக்கா. விடியற்காலை கடை போடும்போதே குடங்களை அடுக்கிவிடுவார். முதல் சுற்றில் வீட்டுக்கு இரண்டு குடம், வாயும் வயிறுமாக இருப்பவர்கள் வீட்டுக் குடம் முன்னால், கைக்குழந்தை வீடு அடுத்தது, வரிசையில் ஆள் நிற்காவிட்டாலும் குடம் நின்றால் போதும். எந்த நீலக் குடம் யாருடையது என்று விளிம்பு நசுங்கியிருப்பதைப் பார்த்தே சொல்லுவார். லாரி டிரைவருக்கு டீயும் நாலு இட்லியும் கொடுப்பார், அதனால் முதல் நடை எங்கள் தெருவுக்கு. இது லஞ்சமா என்று என்னைக் கேட்காதீர்கள், அப்போதும் என்னிடம் பதில் இல்லை. நான் பயிற்சி கொடுத்த தலைவிகள் கூட்டத்தில் நன்றாகப் பேசினார்கள். அக்கா கூட்டத்துக்கே வந்ததில்லை, மாவரைக்கும் நேரத்தில் நான் கூட்டம் வைத்திருந்தேன்.

அதனால் "தலைவரை உருவாக்குவது" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த வார்த்தையில்தான் எனக்கு இடிக்கிறது. உங்கள் பன்னிரண்டு தெருவில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். பொதுக்குழுவில் மைக் பிடிப்பவர்களைப் பார்க்காதீர்கள். தெருவுக்கு நாலு வீடு போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டில் யாருக்காவது நெஞ்சு வலி என்றால் முதலில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்? ஒரு தெருவில் திரும்பத் திரும்ப ஒன்றிரண்டு பெயர்தான் வரும். ஒருவர் டியூஷன் டீச்சராக இருப்பார், ஒருவர் கார் டிரைவராக, இஸ்திரி வண்டிக்காரரே வந்தாலும் வரும். இன்னொரு கேள்வியும் உண்டு, 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் உங்கள் பகுதியில் சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்துக் கொடுத்தது யார், மொட்டை மாடியில் யார் யாரை ஏற்றி உட்கார வைத்தது? அவர்களில் பாதிப் பேர் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகள் என்று தெரியவந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இங்கே உங்கள் பைலாவை, அதாவது சங்க விதிகளை, கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும். வீட்டு உரிமையாளர்கள் மட்டும்தான் உறுப்பினராகலாம் என்று இருக்கும், நான் பார்த்த சங்கங்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். ஓ.எம்.ஆரில் வேலை பார்த்துக்கொண்டு ஐந்தாறு வருடமாக அதே மாடியில் குடியிருக்கிறவன், அதே சாக்கடையைத் தாண்டி வண்டி ஓட்டுகிறவன், சந்தா கட்டத் தயார் என்றாலும் ஓட்டுரிமை கிடையாது. அப்புறம் இளைஞர்கள் வரவில்லை என்றால் எப்படி சார்? பைலாவை அடுத்த பொதுக்குழுவில் திருத்துங்கள், சங்கப் பதிவாளரிடம் பதிவு பண்ணுங்கள். அதே கையோடு, ஒரு பொறுப்பில் ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் எழுதிவிடுங்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஒரு செயலாளருக்குப் பன்னிரண்டு தெரு என்பதும் அதிகம். எண்பதுகளின் கடைசியில் இதே ஊரில் எக்ஸ்னோரா என்ற குடிமக்கள் அமைப்பு ஆரம்பித்தபோது ஒரு தெருவுக்கு ஒரு குழு என்றுதான் வளர்ந்தது. தெருக்காரர்களே மாதம் கொஞ்சம் பணம் போட்டு, ஒரு ஆளுக்கு மூன்று சக்கர வண்டி வாங்கிக் கொடுத்து, வீட்டு வாசலில் குப்பை வாங்க வைத்தார்கள். அந்தத் தெருவின் கணக்கு அந்தத் தெருவுக்கே தெரியும். பிற்பாடு மாநகராட்சியே வீடு வீடாகக் குப்பை எடுக்க ஆரம்பித்ததும் பல குழுக்கள் சோர்ந்துபோயின, அது வேறு கதை. ஆனால் அந்த அளவு சரியான அளவு. தெருவுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், முடிந்தால் ஒருவர் குடித்தனக்காரர். அதற்கு மேல் கமிட்டி கிமிட்டி எதுவும் இப்போது வேண்டாம். தலைமைப் பண்புப் பயிற்சி முகாம் என்று ஏ.சி. ஹால் பிடிப்பதும் வேண்டாம், நானே அப்படி நிறைய நடத்தியிருக்கிறேன், வந்தவர்களுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருப்பது மத்தியானம் போட்ட பிரியாணி.

சரி, முதல் வேலையாக எதைக் கொடுப்பது? உங்களுக்கு ஆஸ்பத்திரியில் வந்ததே, அந்த மூன்றாவது தெரு லைட், அதைக் கொடுங்கள். சின்னது, இரண்டு வாரத்தில் முடியும், முடிந்தது எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆனால் முழுசாகக் கொடுக்க வேண்டும். மெசேஜ் போட்ட அந்த அம்மாவிடமே சொல்லுங்கள்: "கம்பத்துல நம்பர் எழுதியிருக்கும், குறிச்சுக்கோங்க, 1913க்கு நீங்களே போன் பண்ணுங்க, புகார் எண் தருவாங்க, அதை குரூப்ல போடுங்க." அவ்வளவுதான் உங்கள் வேலை. "நான் பார்க்கிறேன் மேடம்" என்று கை துறுதுறுக்கும். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். தெருவிளக்கு மாநகராட்சியுடையது, மின்வாரியத்துக்குப் போன் பண்ணிப் பிரயோஜனம் இல்லை என்பதை அவர் ஒரு தடவை அலைந்து தெரிந்துகொண்டால் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார். ஒரு வாரத்தில் எரியாவிட்டால் அப்போது ஏ.இ. நம்பரைக் கொடுங்கள், நேரில் போகச் சொல்லுங்கள், கூட இன்னொருவரை அனுப்புங்கள். நீங்கள் போகாதீர்கள். நீங்கள் கூட நின்றால் ஏ.இ. உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார், அந்த அம்மா பின்னால் நிற்கும் ஆளாகிவிடுவார்.

லைட் எரிந்த அன்றைக்கு குரூப்பில் "சங்கத்தின் முயற்சியால்" என்று போடாதீர்கள். அவர் பெயரைப் போடுங்கள். இதைச் செய்யாத செயலாளர்களை எண்ண ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

அதற்கடுத்துதான் எது யார் வேலை என்கிற பாடம், இதையும் வகுப்பாக எடுக்காமல் ஆளுக்கொன்றாகப் பிரித்து விடுங்கள். ஒருவர் குடிநீர் வாரியம், பாதாளச் சாக்கடை. வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலையில் குறைதீர் கூட்டம் நடக்கும், எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருவர் ரோடு: உட்புறத் தெரு மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில், பஸ் போகும் சாலை மாநகராட்சியின் தனிப் பிரிவில், சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். தெருவில் தார் போட வரும்போது பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்தார்களா, மில்லிங் செய்தார்களா என்று வேலை நடக்கும்போதே நின்று கேட்க வேண்டும். அப்படியே மேலே மேலே போட்டுத்தான் உங்கள் வீட்டு வாசல் பள்ளமாகியிருக்கும்.

தப்பு நடக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பகுதியில் எங்களோடு இருந்த பையன் ஒருவன் சாக்கடை பொங்கும் போட்டோவை இணையத்தில் போட்டு, பொறியாளரைத் திட்டி, நூறு பேர் பகிர்ந்து, கடைசியில் பார்த்தால் அது பக்கத்து வார்டுத் தெரு. அந்தப் பொறியாளர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். எனக்கு வந்த கோபத்துக்கு நானே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவனை ஒதுக்கியிருப்பேன். நல்லவேளை அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், அவனே போனான். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் அவன் எடுக்கிற ஒவ்வொரு போட்டோவிலும் ஒரு கதவு எண் தெரியும், அந்தப் பொறியாளரும் அவன் போனைத்தான் முதலில் எடுப்பார்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். 2022இல் தமிழக அரசு வார்டு குழு, பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்தது. சென்னையில் ஒரு வார்டுக்குப் பத்துப் பகுதிகள், பகுதிக்கு ஒரு பிரதிநிதி, அந்தப் பத்துப் பேரும் கவுன்சிலரும் சேர்ந்தது வார்டு குழு. பகுதி சபை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். 2011 கணக்குப்படி சுமார் 67 லட்சம் பேரை 200 வார்டுக்குப் பங்கிட்டால் ஒரு கவுன்சிலருக்கு 33 ஆயிரம் பேருக்கு மேல் வரும், அத்தனை பேரையும் எந்தக் கவுன்சிலரும் தெரிந்துவைத்திருக்க முடியாது. பகுதி என்றால் மூவாயிரத்துச் சொச்சம், அதாவது உங்கள் தெருக்களும் பக்கத்துச் சங்கத்தின் தெருக்களும் சேர்ந்த அளவு. பிரதிநிதி நியமனம்தான், தேர்தல் கிடையாது, நான் பார்த்த வரை கட்சிக்காரர்களே அதிகம். சபையும் பல இடங்களில் வந்தோம், போட்டோ எடுத்தோம், போனோம் என்று பத்து நிமிடத்தில் முடிகிறது. ஆனாலும் அங்கே போய் உட்கார வேண்டும் சார். அதில் கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது, ஏ.இ. அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருப்பதும் இதுவும் ஒன்றில்லை. அடுத்த சபை எப்போது என்று உங்கள் தெருப் பிரதிநிதிகள் கவுன்சிலர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்கட்டும். உங்கள் கவுன்சிலர் பெண்ணாக இருந்தால் அவரிடமே பேசச் சொல்லுங்கள், போனை வீட்டுக்காரர் எடுத்தாலும் "அம்மாகிட்ட கொடுங்க சார்" என்று கேட்கச் சொல்லுங்கள். அந்த அம்மாவும் ஒரு உள்ளூர்த் தலைவர்தான், அவருக்கும் பேசிப் பழக வேண்டியிருக்கிறது.

தகவல் உரிமைச் சட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாள் கெடு, எஸ்டிமேட்டும் எம்.புக்கும் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) கேட்டு வாங்கலாம், நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும் மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நல்ல ஆயுதம். ஆனால் புதிதாக வருபவர் கையில் முதல் மாதமே அதைக் கொடுத்தால், ஏ.இ.யோடு சண்டை போடுவதுதான் பொதுவாழ்க்கை என்று நினைத்துக்கொள்வார்.

கடைசியாக, உங்களால் செய்ய முடியாததும் தெருக்காரர்களால் மட்டும் முடிவதுமான ஒரு வேலை இருக்கிறது. மழைக்கு முன்னால், ஆகஸ்ட் செப்டம்பரில், தெருவுக்கு இரண்டு பேரும் வடிகாலை ஒட்டி நடக்க வேண்டும், கையில் ஒரு நோட்டு. தண்ணீர் உள்ளே இறங்கும் ஓட்டைகள் எத்தனை, எத்தனையில் மண் அடைத்திருக்கிறது, எத்தனை மூடி உடைந்திருக்கிறது. நடந்தால் சங்கடமான ஒன்று தெரியவரும்: பாதி ஓட்டையை அடைத்திருப்பது நம் வீட்டுக் கார் ஏறும் சிமென்ட் சறுக்கல்தான். செயலாளர் இதைச் சொல்ல மாட்டார், சந்தா கொடுக்கிறவரைப் பகைத்துக்கொள்ள முடியுமா? போன வருடம் ஒரு தெருவில் இதே பிரச்சினை. ஏழு வீட்டுச் சறுக்கல், யாரும் யாரையும் கேட்கத் துணியவில்லை. எழுபது வயதுப் பாட்டி ஒருவர், அந்தத் தெருவில் ஆபத்து என்றால் எல்லாரும் முதலில் கதவைத் தட்டும் வீட்டுக்காரர், கொத்தனாரைக் கூப்பிட்டு முதலில் தன் வீட்டுச் சறுக்கலை இரண்டடி உடைத்துக் கம்பி வலை போட்டார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களிடம் எவ்வளவு செலவாச்சு என்று மட்டும் சொன்னார். மழைக்குள் ஐந்து வீடு உடைத்துவிட்டது. மீதி இரண்டு இன்னும் இருக்கிறது.

உங்கள் பதினேழு பேர் கணக்கைப் பற்றியும் ஒன்று. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் சமையலறையில் நிற்பவர்கள் வர முடியாது. சாயந்திரம் ஏழு மணிக்குத் தெருமுனையில், நாற்காலி இல்லாமல், இருபது நிமிடம் நின்றபடியே பேசிவிட்டுக் கலையுங்கள். வரவு செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதி இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். முதல் இரண்டு கூட்டத்துக்கு நீங்கள் வராமல் இருந்தால் இன்னும் நல்லது, டாக்டர் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம்.

ஏ.இ. நம்பரை இன்றைக்கே மூன்று பேருக்கு அனுப்பிவிடுங்கள். அதற்கு முன்னால் அவருக்கும் ஒரு போன் போட்டு, "இனிமே இவங்க பேசுவாங்க சார்" என்று சொல்லிவிடுங்கள். தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விட்டுவிடப் போகிறார்.